போய்த் திரும்பும் தோள்

முதல் முறை அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எட்டரை மணி இருக்கும், கடை நிறைய ஆட்கள். நான் மாவைப் பிடித்துத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசிக்கொண்டிருந்தேன். வீச்சு பாதியில் இருக்கும்போது என் வலது தோளுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு எழுந்து போனது. போன சூட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், கண்ணை மூடித் திறக்கிற நேரம். ஆனால் அந்த நேரத்தில் கை என்னுடையதாக இல்லை. விரல்கள் பிடியை விட்டுவிட்டன. மாவு மேசையில் விழாமல் பறந்துபோய், ஓரத்தில் உட்கார்ந்து சீனப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவரின் தாள்மேல் விரிந்து படுத்தது.

அவர் தாளோடு சேர்த்து மாவைத் தூக்கிக் காட்டி, இதற்கு முட்டை போடவில்லையா என்று மலாயில் கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இடது கையால் வலது கையைத் தொட்டுப் பார்த்தேன். மரத்துப்போயிருந்தது. ஒரு நிமிடம் கழித்து எறும்பு ஊர்வதுபோல உயிர் வந்தது. அடுத்த ரொட்டியைப் போட்டேன்.

எங்கள் கடை ஈப்போவில், குனோங் ராபாட்டில், வரிசை வீடுகள் முடிந்து சாலை திரும்புகிற மூலையில் இருக்கிறது. முதலாளி என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். கடைக்கு முன்னால், சாலையைப் பார்த்தபடி ரொட்டிக்கல்லும் மாவு மேசையும் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அங்கே நிற்கிறவன் நான். எனக்கு முன்னால் அங்கே நின்றவர் மச்சானேதான்.

மற்ற கடைகளில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்கு மாவை நெஞ்சுயரத்தில் நாலு சுழற்று சுழற்றி விரித்துவிடுவார்கள். எங்கள் கடை வழக்கம் வேறு. மாவைத் தோளுக்கு மேலே தூக்கி, பின்னால் கொண்டுபோய், தலையைச் சுற்றி முன்னால் அடிப்போம். அப்படி அடித்தால்தான் ரொட்டி ருசிக்கும் என்று வருகிறவர்களிடம் சொல்வோம். பச்சைப் பொய். ருசி மாவு ஊறுவதில் இருக்கிறது. அந்த வீச்சு, சிவப்பு விளக்கில் நிற்கிற கார்க்காரர்களுக்காக. பார்த்தவன் ஒருநாள் சாப்பிட வருவான். அதைக் கண்டுபிடித்தவர் மச்சான். மோட்டார் சைக்கிளில் விழுந்து அவருக்குத் தோள் கழன்றது. அதன் பிறகு கல்லை விட்டுவிட்டுக் கல்லாப்பெட்டிக்குப் போய்விட்டார். தவுக்கே, பெரிய முதலாளி ஆகிவிட்டார், இனிமேல் கையில் மாவு ஒட்டுமா என்று நான் நினைத்துக்கொள்வேன். நினைத்ததோடு நின்றேனா, மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அடங்கியதும் மச்சானிடம் போய்ச் சொன்னேன்.

"மச்சான், தோள் கழண்டுருச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வலது கையில் தேத்தண்ணி கிளாஸ் இருந்தது.

"எப்ப?"

"காலையில. மாவு பறந்துச்சுல்ல, அப்ப."

"இப்ப எங்க இருக்கு?"

"திரும்பி வந்துருச்சு."

"கழண்டா கழண்டதுதான்லா. போயிட்டு வர்றதுக்கு அது என்ன பஸ்ஸா?"

அவர் தன் கதையை எடுத்தார். எனக்கு அது மனப்பாடம். சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிற வழியில் லாரி ஒதுக்கியதில் மண்ணில் விழுந்தார். கை ஒரு பக்கமாகத் தொங்கியது. தோளின் உருண்டை காணாமல் போய், அந்த இடம் சதுரமாக இருந்தது. ஒரு அங்குலம் அசைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் உள்ளே போட்டார்கள். "நான் அல்லா அல்லான்னு கத்துனது ஈப்போ பாசார் வரைக்கும் கேட்டுருக்கும். நீ தே குடிச்சிக்கிட்டு நிக்கிற."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் தேத்தண்ணி கையில் இருக்கிறதே.

பிறகு அது மாதத்துக்கு ஒரு முறை வந்தது, பிறகு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி: போகும், வரும், கை செத்துவிடும், பிறகு பிழைக்கும், அன்று முழுக்கத் தோளுக்குள் வலிக்கும். பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கும் தெரியுமே! வந்துவிட்டது என்றுதானே சொல்கிறேன்? வீட்டுக்காரன் கடைக்குப் போயிருந்தான் என்று சொன்னால், இப்போது போய்க் கதவைத் தட்டி, இதோ இருக்கிறானே என்கிறார். வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். எக்ஸ்ரே உறையை மச்சான் வாங்கிக்கொண்டார், வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

கை செத்த நாட்களில் என்னால் பழைய வேகத்தில் வீச முடியாது. வரிசை நீளும். யாராவது முகம் சுளிப்பார்கள். ஒருநாள் பின்பக்கம் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பது தெரியாமல், மச்சான் சமையல்காரரிடம் சொன்னார்: "தாப்பாவுல ஒரு ஆள் இருக்கான், நல்லா வீசுவான். கூப்பிடலாம்னு இருக்கேன். இவன் நடிக்கிறான்லா."

நடிக்கிறான். கல்லை எடுத்துக்கொள்ளட்டும், தேத்தண்ணி கலக்கச் சொல்லட்டும், நான் அந்த வேலையிலிருந்துதான் கல்லுக்கு வந்தேன். ஆனால் கல்லை விட்டு நான் போவது பொய்க்காரனாகப் போவதாக இருக்கக் கூடாது. வீட்டில் மனைவியிடம் கத்தினேன். அவள் பாவம், ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான்.

"ஏங்க, நான் நம்புறேன். ஆனா எனக்கே புரியலங்க. கழண்டா எப்படிங்க தானா உள்ள போகும்?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எனக்கு அதே வேலையாகிவிட்டது. எப்போது போகிறது, எப்போது போவதில்லை? நான் என் தோளை வேவு பார்க்க ஆரம்பித்தேன். தலை வாரும்போது போவதில்லை. சட்டை மாட்டும்போது போவதில்லை. தொழுகையில் தக்பீர் கட்டக் கைகளைக் காது வரைக்கும் தூக்கும்போது போவதில்லை. அதற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். கனமான மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால்கூட ஒன்றும் இல்லை. ஆனால் காரில் முன்னால் உட்கார்ந்தபடி பின் இருக்கையில் கிடக்கும் பையை எட்டி எடுத்தேன், போய்விட்டது. மீன் திருட வந்த பூனைமேல் செருப்பை வீசினேன், போய்விட்டது. செருப்பு பூனையின் பக்கத்தில்கூட விழவில்லை. பூனை என்னைப் பார்த்த பார்வையும் மச்சானின் பார்வையும் ஒரே ரகம்.

ஆக, பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கை வெளிப்பக்கமாக உயர்ந்து, பின்னால் திரும்புகிற அந்த ஒரு நிலைதான். எங்கள் கடை வீச்சு சரியாக அந்த நிலையில்தான் தொடங்குகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். கல்லாவுக்குப் போய் மச்சானிடம் செய்தே காட்டினேன், பாதி தூரம் வரைக்கும். அவர் சில்லறையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இதற்கிடையில் உருட் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் புத்திசாலி என்று நினைத்துக்கொள்வீர்கள். உருட் என்றால் உடம்பு பிடித்துவிடுவது. மலாய்க்காரர் வார்த்தை, எங்கள் வார்த்தையும் ஆகிவிட்டது. சுங்கை சிப்புட் தாண்டி, முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்து இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஓர் இடத்தில் ஓர் அண்ணன் உருட் போடுகிறார். பகலில் லாரி ஓட்டுவார், மாலையில் பிசகு எடுப்பார். கால் பிசகி நொண்டிக்கொண்டு போன எத்தனையோ பேர் நடந்து வந்திருக்கிறார்கள். ஒரு முறை தோள் போய்த் திரும்பிய மறுநாளே நான் அவரிடம் போனேன்.

அவர் எண்ணெய் தடவி, என் கையைத் தூக்கி, சுழற்றி, ஒரே இழுப்பு. டக் என்று சத்தம் கேட்டது.

"உள்ள போயிருச்சு தம்பி," என்றார்.

எவ்வளவு நிம்மதி தெரியுமா! அந்த டக் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் தோள் கழன்றிருந்தது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், பார்த்தாயா, சத்தம் கேட்டது என்றேன். அடுத்த இரண்டு முறையும் அவரிடமே போனேன். மூன்று தடவை இழுத்தார், மூன்று தடவையும் டக். ஆனால் ஒரு கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. முந்தின நாள் முழுக்க ரொட்டி போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை நானே ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். கழன்ற தோளோடு அதெல்லாம் நடக்குமா? மச்சான் சொன்ன கதையிலேயே பதில் இருந்தது. கோபத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாதி போகிறதைத்தானே நம்பமாட்டேன் என்கிறார், முழுதாகப் போனால்? கண்ணுக்கு முன்னால் தொங்கினால் என்ன சொல்வார்? தாப்பா ஆள் அடுத்த வாரம் வருகிறான் என்று பேச்சு அடிபட்டது. ஒரு சனிக்கிழமை காலை, மச்சான் கல்லாவில் உட்கார்ந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ரொட்டி தீசு கேட்டார்கள். கூம்புபோல மெல்லிசாக நிற்கிற பெரிய ரொட்டி. பெரிய உருண்டையாக எடுத்தேன். பிஸ்மி சொல்லக்கூட வாய் வரவில்லை, செய்யப்போவது அப்படிப்பட்ட காரியம். கையை முடிந்தவரை பின்னால் கொண்டுபோய், என் பலம் எல்லாம் சேர்த்து வீசினேன்.

முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் போனது. இதற்கு முன் போனதெல்லாம் வாசல்படி வரைதான். அன்று அது தெருவையே எட்டிப் பார்த்தது. எவ்வளவு தூரம் போனது என்று எனக்குத் தெரிந்தது, திரும்பி வராதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தில் மச்சான், தாப்பா, நடிப்பு எல்லாம் மறந்துவிட்டது. யா அல்லா, வந்துவிடு, வந்துவிடு என்று கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். வந்துவிட்டது. மாவு பாதி தரையில் கிடந்தது, பாதி கல்லின்மேல் கருகிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டுக் கடைக்கு வந்த மனைவியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்றதும் அவள் வெடித்துவிட்டாள். "உங்க புத்தி எங்கங்க போச்சு? நம்ப வைக்கிறதுக்குக் கையை ஒடிச்சுக்குவாங்களா யாராவது?" திரும்பி அண்ணனையும் ஒரு பிடி பிடித்தாள். "நீயும் ஒரு மனுஷனா? ஒரு தடவ நம்பியிருந்தா இவர் இப்படிச் செய்வாரா? இப்ப கார எடு." மச்சான் சாவியை எடுத்தார்.

அவசரப் பிரிவில் மறுபடியும் எக்ஸ்ரே. மறுபடியும் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். மச்சானின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்த இளம் டாக்டர் உறையை மூடிவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: வெளியே போய்த் தானாகவே திரும்பி வந்ததா? நான் ஆமாம் என்றேன். கை கொஞ்ச நேரம் செத்ததுபோல இருந்ததா? ஆமாம், ஆமாம்! எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது. கையைக் கழுத்தில் தொங்கவிடத் துணிக்கட்டு போட்டு, மூன்று வாரம் கழித்து எலும்புப் பிரிவுக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். தோளில் இருப்பது ஆழமான கிண்ணம் இல்லை, ஒரு தட்டு மாதிரி, அதில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரம் என்னைக் கல்லாவில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கையால் செய்ய வேறு வேலை இல்லை. டாக்டர் சொன்ன தட்டும் பந்தும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. தேத்தண்ணித் தட்டு ஒன்றை எடுத்தேன், மீ கோரெங் நூடுல்ஸுக்கு வைத்திருக்கிற குட்டி எலுமிச்சை ஒன்றை எடுத்து நடுவில் வைத்தேன். தட்டை மெதுவாகச் சாய்த்தேன். எலுமிச்சை விளிம்பு வரை ஏறியது. நேராக்கினேன், உருண்டு நடுவுக்கு வந்துவிட்டது. மறுபடி சாய்த்தேன், ஏறியது, வந்தது. கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தேன். விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்தது. இப்போது தட்டை எவ்வளவு ஆட்டினாலும் அது உள்ளே வராது. யாராவது கையால் எடுத்துத்தான் வைக்க வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவுதானா! மேசையில் விழுந்தது மச்சானுடையது. விளிம்புக்குப் போய் வந்தது என்னுடையது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தட்டு நேராக இருக்கும்போது படம் பிடித்தால் எலுமிச்சை நடுவில்தான் இருக்கும், எந்த எக்ஸ்ரேயும் அதைத்தான் காட்டும்.

"மச்சான், இங்க பாருங்க," என்று மூன்று முறை செய்து காட்டினேன். "இது நீங்க. இது நான்."

அவர் எலுமிச்சையைப் பார்த்தார். விளிம்பில் அது தயங்கி நிற்கிற இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாவாரத்துல விளையாடாதலா. எலுமிச்சையக் கழுவி வை," என்றார்.

மேல் தட்டில் இருந்த மைலோ டின்னை எடுக்க எழுந்தார். இடது கையால் எடுத்தார். அவர் எப்போதும் இடது கையால்தான் எடுப்பார். அவர் வலதுகைக்காரர் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் முடிந்ததும் எலும்புப் பிரிவுக்கு அவரே காரில் அழைத்துப்போனார். தங்கை உத்தரவு. உள்ளே ஒரு டாக்டர் அம்மா இருந்தார். மலாயில்தான் பேசினார், எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் தமிழில் இருக்கிறது. நான் எலுமிச்சைக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். சரியாகச் சொன்னீர்கள், ஆனால் ஒன்று விட்டுப்போய்விட்டது என்றார். தட்டின் விளிம்பு. எலுமிச்சை போய் இடிக்க இடிக்க விளிம்பு தேயும், சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கிற நார்கள் தளரும். பிறகு கொஞ்சம் சாய்த்தாலே போகும். ஒருநாள் மேசையிலும் விழும். பாதி கழன்றது என்றால் பாதி வியாதி என்று அர்த்தமில்லை.

உருட்டைப் பற்றியும் கேட்டார், சொன்னேன். அங்கே போவதற்கு முன் நீங்களே சட்டை மாட்டிக்கொண்டீர்களா என்றார். மாட்டினேன் என்றேன். அப்படியென்றால் அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது என்றார். அந்த டக்? மூட்டில் எத்தனையோ சத்தம் வரும் என்றார். தளர்ந்துபோன நாரை மூன்று தடவை ஆள் வைத்து இழுத்திருக்கிறேன், அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லாரி அண்ணன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கழன்றது என்று சொல்லித்தானே நான் போனேன். நம்பிய ஒரே ஆள் தப்பாக நம்பிவிட்டார்.

பிறகு என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முழங்கையை மடக்கி, கையை வெளிப்பக்கமாக உயர்த்தி, மெதுவாக, மிக மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார். எங்கள் கடை வீச்சு தொடங்குகிற அதே நிலை. அங்கே வர வர என் மூச்சு நின்றது. என் இடது கை என்னைக் கேட்காமலே பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குதா?"

"வலிக்கல. போயிரும். போயிரும்போல இருக்கு."

சொல்லும்போதே என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. நாற்பது வயது ஆள், கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன். அவர் அவசரப்படவில்லை. தன் இன்னொரு உள்ளங்கையை என் தோளின் முன்பக்கத்தில் வைத்து லேசாக அழுத்தினார். அதே நிலை, அதே கோணம். பயம் போய்விட்டது! பொத்தானை அமுக்கி அணைத்த மாதிரி. கையை எடுத்தார், பயம் வந்தது. வைத்தார், போனது. நான் என் பயத்தையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எக்ஸ்ரேயில இல்லாதது உங்க முகத்துல இருக்கு," என்றார் டாக்டர் அம்மா. "இந்த முகத்த யாராலும் நடிக்க முடியாது."

நடிப்பு என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தானாக வந்தது. கேட்டீர்களா என்று சொல்ல மச்சான் பக்கம் திரும்பினேன். அவர் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருடைய இடது கை அவருடைய வலது தோளை முன்னாலிருந்து பொத்திப் பிடித்திருந்தது, டாக்டர் அம்மா எனக்குப் பிடித்த அதே இடத்தில். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்தார். "பார்க்கிங் முடிஞ்சுரும், நான் கீழ போறேன்," என்று போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரில் நான் பேசிக்கொண்டே வந்தேன். எனக்கு வாய் நிற்காது. பந்து, தட்டு, விளிம்பு, நார். முழுசாகக் கழன்ற ஆட்களுக்கும் பிறகு அந்தப் பயம் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். சிவப்பு விளக்கில்கூடத் திரும்பவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். இவ்வளவு பார்த்தும் ஒரு வார்த்தை, நம்புறேன்லா என்று ஒரே ஒரு வார்த்தை வரவில்லையே என்று.

பயிற்சி கொடுத்தார்கள். ஒரு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, உள்ளேயும் வெளியேயும் இழுக்க வேண்டும். நார் தளர்ந்துபோனால் சுற்றியுள்ள தசை காவல் நிற்கும் என்றார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் ரப்பர் அழிந்துவிட்டது என்கிறார்கள், எங்கள் வீட்டு ஜன்னலில் நாலு மாதம் தொங்கியது. மனைவி எண்ணிக்கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஒன்று குறைந்தாலும் விடமாட்டாள். தாப்பா ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, மச்சானும் சொல்லவில்லை. கல்லில் சமையல்காரர் நின்று ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தார்.

நான் கல்லுக்குத் திரும்பிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கை தோளுக்குமேல் போகக்கூடாது என்பது எனக்கு விதித்த சட்டம். மாவை மேசையிலேயே எண்ணெய் விட்டுத் தட்டி, ஓரங்களைப் பிடித்து இழுத்து இழுத்து விரித்தேன். மெல்லிசாக வந்தது, ருசியிலும் குறை இல்லை. ஆனால் பறக்கவில்லை. ஓர மேசையில் அதே பெரியவர், அதே சீனப் பத்திரிகை. அவர் முன்ஜாக்கிரதையாகத் தாளை மடித்து மடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்ன இது, ரொட்டியைப் பறக்கவிடு, அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எலுமிச்சைக் கதையா?

கல்லாவிலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மச்சான் எழுந்து வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியவரைப் பார்த்து மலாயில், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "அவனுக்குத் தோள் பாதி கழலுது. போயிட்டுத் திரும்பி வருது. அவன் இனிமே வீசமாட்டான்."

பெரியவர் தலையாட்டினார். மச்சான் போகவில்லை. கல்லைப் பார்த்தபடியே என்னிடம், தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் வருதுலா. பன்னெண்டு வருஷமா. கை அந்தப் பக்கம் போனாலே பயம். அதான் கல்ல விட்டேன்."

பன்னிரண்டு வருடமாக இந்த மனிதரைத் தவுக்கே என்று நான் கேலி பேசியிருக்கிறேன். "அப்புறம் ஏன் மச்சான் என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"உன்னுதை நம்புனா என்னுதையும் சொல்லணுமேலா," என்றார். "கொஞ்சம் தள்ளு."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓர் உருண்டையை எடுத்தார். நான் செய்கிறதைப் பார்த்து, கையை நெஞ்சுக்குமேல் தூக்காமல், தட்டி இழுத்தார். பன்னிரண்டு வருடம் கழித்து அவர் போட்ட அந்த முதல் ரொட்டி நடுவில் கிழிந்து, ஒரு பக்கம் தடித்து, எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்க முடியாத மாதிரி வந்தது. அதை நான்தான் தின்றேன்.